பட்டாணி அளவு

துருவை மூடி மறைப்பவன் கார் ஓட்டத் தகுதியற்றவன்; ஓட்டுப் போடவும்தான். துருவை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே நாகரிகம். மனிதன் இரும்பைக் கண்டெடுத்த நாள் முதல் இதுதான் விதி. இதை ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டருடன், வீட்டு வாசலில் நின்று அறிவித்தேன்.

கேட்டவர்கள் இரண்டு பேர்: அக்கா, அத்தான். வண்டி அக்காவுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதற்குத் தகுதிப் பரிசோதனை. நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை அக்காவுக்குக் கிடைத்திருந்தது, எட்டு மாதம் அலைந்து. பரிசோதனையில் தேறிய சொந்த வண்டி இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். பின்சக்கரத்துக்கு மேலே நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டை இருந்தால் வண்டி தேறாது.

அத்தானுக்குக் கேக் கடையில் க்ரீம் தடவும் வேலை. தன் பழைய க்ரீம் கத்தி, வண்டி ஓட்டையை அடைக்கும் பட்டி ஒரு டப்பா, நேற்றைய செய்தித்தாள் ஆகியவற்றுடன் தயாராக நின்றார்.

“மச்சான், பாரம் தாங்குற இடமெல்லாம் தட்டிப் பாத்துட்டேன், கெட்டியா இருக்கு. இது வெறும் தோல். உள்ள பேப்பரத் திணிச்சு, மேல பட்டியப் பூசிட்டா அரை மணி நேர வேலை.”

“பட்டி எப்படி இறுகும்?”

“இந்தச் சிவப்புப் பசையக் கலக்கணும். ஒரு பட்டாணி அளவு.”

“பட்டாணியெல்லாம் ஒரு அளவா அத்தான்? எந்தப் பட்டாணி? காஞ்சதா, ஊறுனதா? மேல ஒரு செர்ரியும் வச்சிடுங்களேன்.”

அக்கா சிரிக்கவில்லை. “டேய், முடியும்னா செய். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு.”

“ரெண்டாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறேன்க்கா.”

“அதான் கேக்குறேன்.”

நல்ல தகடு தென்படும்வரை தேய்க்க வேண்டும் என்பது பாடம். அது எங்கே தொடங்கும் என்று பாடத்தில் இல்லை. பெயின்ட் அப்பளம்போல் எழும்பி உதிர்ந்தது. அதன் கீழே துரு. துருவின் கீழே சக்கரம். பதினொரு மணிக்கு நாணயம் தேநீர்த் தட்டாகியிருந்தது. ஒரு மணிக்குச் சோற்றுத் தட்டு.

“மச்சான், தலையே உள்ள போகும்போல இருக்கே,” என்றார் அத்தான். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

பழைய வாஷிங் மெஷினின் பக்கவாட்டிலிருந்து தகடு வெட்டினேன். வெல்டிங் மெஷின், தெருமுனையில் வண்டி ஒடுக்கெடுக்கும் டிங்கரிடம் முந்தின நாளே இரவல் வாங்கியது. “தம்பி, தகடு மெல்லிசா இருந்தா தீ பட்டதும் உருகி ஓட்டையாயிடும். தெரியும்ல?” என்று கேட்டிருந்தார். தெரியும் என்று சொல்லியிருந்தேன்.

தெரியாது. பற்றவைத்த இடமெல்லாம் ஓரம் உருகி ஓடியது. ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இரண்டு திறந்தன. பத்து இடத்தில் வைத்ததில் ஒன்பது இடத்தில் தகடு போயிற்று. பத்தாவதில் என் சட்டை. தகடு ஒரே ஒரு புள்ளியில் ஒட்டி நின்றது. பெருமூச்சு விட்டேன். விழுந்துவிட்டது.

டிங்கருக்கு ஆறு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. சக்கரத்தை உதைத்தேன். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாலரைக்கு அக்கா வெளியே வந்தாள். தேய்த்த புதுச் சீருடை கையில் தொங்கியது. ஓட்டையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“இப்பவே போன் பண்ணிச் சொல்லிடவா? அவங்களாச்சும் வேற ஆளப் பாக்கட்டும்.”

“பண்ணாத. இருட்டுறதுக்குள்ள முடிச்சிடுறேன்.”

“எப்படி?”

“முறைப்படி.”

அவள் உள்ளே போனாள். அத்தான் குளிக்கப் போயிருந்தார். வாசற்படியில் பட்டி டப்பா, கத்தி, செய்தித்தாள் எல்லாம் காலையில் வைத்தபடியே இருந்தன. கூடவே, காலையில் இல்லாத ஒன்று: கேக் ஆறவைக்கும் கம்பி வலை. ஓட்டையின் அகலத்துக்கு அளவாக வளைத்து வைத்திருந்தார். எப்போது வளைத்தார் என்று தெரியவில்லை.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை பொறுத்தேன். வலையை உள்ளே பொருத்தினேன். பின்னால் செய்தித்தாளைத் திணித்தேன். போதவில்லை, முந்தாநாளையதையும் எடுத்து வந்தேன். பட்டியை ஒரு பலகைத் துண்டில் வழித்துப் போட்டுவிட்டு, சிவப்புப் பசையின் மூடியைத் திறந்தேன்.

ஓட்டை பெரிது. காய்ந்த பட்டாணி போதாது என்று பட்டது. ஊறின பட்டாணி அளவுக்குப் பிதுக்கினேன்.