கண்ணுச்சாமிக்கு ஒன்பது ‘வாரேன்’

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வெள்ளைத்தாய் வீட்டு மாடியில் குடியிருக்கும் எலியேசருக்கு வயது நாற்பத்துநாலு. இராஜபாளையத்தில் ஒரு நூல் மில் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் மூன்று காரணங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவராது என்பதால் இங்கே வேண்டாம்.

ஆனால் ஒன்று மட்டும் தெருவுக்குப் பிடிபடவே இல்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனுஷர் சர்ச் முடிந்து வந்து, சாப்பிட்டு, மறுபடியும் தேய்த்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, சென்ட் வேறு அடித்து, இரண்டு மணிக்கு இராஜபாளையம் பஸ் ஏறுவார். கீழ்வீட்டில் தளவாய்புரம் வியாபாரிக்கு நைட்டி தைத்துக்கொண்டிருக்கும் வெள்ளைத்தாய் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். பொண்ணு பார்க்கப் போகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். மாதாமாதம் ஒருத்தர் பொண்ணு பார்க்கப் போவாரா என்று சந்தேகம் வந்த பிறகு நேராகவே கேட்டுவிட்டாள்.

“லினக்ஸ் கூட்டம்க்கா.”

“அப்படின்னா?”

“கம்ப்யூட்டரை ஓட்டுத சாஃப்ட்வேர். சும்மாவே கிடைக்கும். உள்ள எப்படி எழுதியிருக்குன்னு யாரும் திறந்து பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்கும் கொடுக்கலாம்.”

“சும்மா கிடைக்கதுக்கு எதுக்குய்யா கூட்டம்?”

இதற்கு எலியேசரிடம் பதில் இருந்தது. நாற்பது நிமிடப் பதில். நாலாவது நிமிடத்தில் வெள்ளைத்தாய் பால் பொங்குவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு வீட்டில் பாலே வாங்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவரே தொடங்கிய குழு அது. முதல் கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். இப்போது, ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகிற குழுவின் மெயில் பட்டியலில் முப்பத்தோரு பெயர் இருக்கிறது. மாடி ஏறி வருவது நாலு பேர், அதில் ஒருவர் ஃபேனுக்காக வருகிறார். இடம், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சிவபாண்டி என்பவனின் இ-சேவைக் கடை மாடி. அவனும் குழுவில் ஒருத்தன்தான்.

கூட்டத்துக்கு விதிகள் உண்டு. எல்லாம் எலியேசர் எழுதியவை. பேச விரும்புகிறவர் இருபதாம் தேதிக்குள் பட்டியலுக்கு எழுத வேண்டும்: என்ன தலைப்பு, யாருக்காக, கேட்கிறவர் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவார், எத்தனை நிமிடம். அதன் கீழே மூன்று பேராவது ‘வாரேன்’ என்று பதில் போட்டால் பேச்சு உறுதி. அப்புறம், ஒருவரே அடுத்தடுத்த இரண்டு மாதம் பேசக்கூடாது. இந்தக் கடைசி விதி, இருதயம் என்ற ரிட்டயர்டு பாலிடெக்னிக் வாத்தியார் ஐந்து மாதம் தொடர்ந்து மைக்கை விடாமல் பிடித்திருந்ததால் வந்தது. வாத்தியார் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார். விதி நிற்கவில்லை. இப்போது அது எழுதியவர் கையையே கட்டிப் போட்டிருந்தது. ஒரு மாதம் எலியேசர் பேசுவார். அடுத்த மாதம் பேச ஆள் இல்லாமல் கூட்டம் ரத்தாகும். மறுபடி எலியேசர்.

ஏப்ரல் கூட்டம் முடிந்ததும் சிவபாண்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. வேற ஆளே பேச மாட்டேங்காவ. மே மாசமும் கூட்டம் இல்லன்னா ஞாயித்துக்கிழமைக்கு ரூமை டியூஷன் மிஸ்ஸுக்குக் கொடுத்திருதேன். அவிய கேட்டுக்கிட்டே இருக்காவ.”

“எல்லா ஞாயிறுமா?”

“எல்லா ஞாயிறுந்தான்.”

எலியேசர் நாற்காலிகளை அடுக்கினார். மற்ற ஞாயிறுகள் எப்படி என்று அவருக்குத் தெரியும். நாலு மணிக்குத் திருப்பூரிலிருந்து தங்கச்சி போன் வரும். எட்டு நிமிடம். அதில் ஐந்து நிமிடம் அவள் பிள்ளைகளைத் திட்டுவது. அப்புறம் திங்கட்கிழமை காலை பஸ் கண்டக்டர் “உள்ள போங்க” என்று சொல்கிற வரைக்கும் அவரிடம் ஒருத்தரும் பேச வேண்டிய அவசியம் இருக்காது.

முப்பது பேருக்கும் தனித்தனியாக எழுதினார். “மதிப்பிற்குரிய உறுப்பினரே” என்று தொடங்கி, இருபது நிமிடம் எதைப் பற்றியாவது பேசக் கேட்டு. இரண்டு பதில் வந்தது. ஒருவர் ஓசூருக்கு மாறிப் போய் மூன்று வருஷம் ஆகிறதாம். இன்னொருவர், நல்ல முயற்சி, தொடருங்கள் என்று வாழ்த்தியிருந்தார்.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் அது நடந்தது. பட்டியலில் முப்பத்திரண்டாவதாக ஒரு புது உறுப்பினர் சேர்ந்தார்: கண்ணுச்சாமி, விவசாயி, சுந்தரபாண்டியம். சேர்த்தவர் எலியேசர். எழுதியவரும் எலியேசர். ‘கிணத்து மோட்டார் ஓடுதா நிக்கான்னு வீட்ல இருந்தே பாக்கது எப்படி’ என்று தலைப்பு. யாருக்காக என்ற இடத்தில், ‘ராத்திரி டார்ச் லைட்டோட வரப்புல நடந்து பாம்பு மிதிக்கப் போறவகளுக்கு’. வீட்டுக்கு எதைக் கொண்டுபோவார் என்ற இடத்தில், ‘தூக்கத்தை’. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு மோட்டாரோடு இணைத்திருப்பதாகவும், வீட்டுக்காரி அழகுத்தாய் அடுப்படியில் இருந்தே போனில் பார்த்துக்கொள்வதாகவும் கண்ணுச்சாமி எழுதியிருந்தார். ஆமாம், கையோடு ஒரு பெண்டாட்டியையும் எலியேசர் கொடுத்துவிட்டார். மூன்று ‘வாரேன்’ கிடைத்தால் போதும், அன்றைக்குப் பார்த்துக் கண்ணுச்சாமிக்குக் காய்ச்சல் வந்துவிடும், அவர் அனுப்பிய குறிப்பைத் தாமே வாசித்துவிடலாம் என்பது திட்டம்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒன்பது ‘வாரேன்’.

எலியேசருக்கு மொத்தப் பதினோரு வருஷத்தில் அதிகபட்சம் ஆறு. இரண்டு வருஷமாக மூச்சு விடாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். கரண்டு போய் வந்தால் மோட்டார் தானாக ஓடுமா என்று சிவபாண்டி கேட்டான். “ஓடாதுலே. அதுக்குத்தான் அழகுத்தாய் இருக்கா. அவ கண்ணைக் காட்டுனா மோட்டாரும் ஓடும், நானும் ஓடுவேன்” என்று கண்ணுச்சாமி பதில் போட்டார். எலியேசர் பிறந்ததிலிருந்து ஒருத்தரையும் லே போட்டுக் கூப்பிட்டதில்லை. சிவபாண்டிக்கு அப்படி ஒரு சந்தோஷம். “அண்ணன் வேற ரகம்” என்று பட்டியலுக்கே எழுதினான்.

அந்தப் பத்து நாளும் மில் விட்டு வந்தவுடன் எலியேசர் சட்டையைக் கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கண்ணுச்சாமியின் மெயில்களில் அழகுத்தாய் இப்போது கொண்டைக்கடலைக் குழம்பு வைத்தாள், புருஷன் சட்டைப் பையில் ஸ்க்ரூவை விட்டு வாஷிங் மிஷினில் போட்டதற்குத் திட்டினாள், ஒரு நாள் கோபித்துக்கொண்டு பேசாமலும் இருந்தாள். கீழே வெள்ளைத்தாய்க்கு மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் சிரிப்புதான். இருந்தாலும் தெருவில் நாலாவது காரணம் ஒன்று உற்பத்தியாகத் தொடங்கியது.

மே முதல் ஞாயிறு. மாடியில் பதினாலு பேர். நாற்காலி போதாமல் டீக்கடையிலிருந்து பெஞ்சு வந்தது. யாரோ அந்த மெயிலைக் காட்டப் போய், பட்டியலிலேயே இல்லாத சீனிச்சாமி என்ற பெரியவர் சேத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து இரண்டு மணியிலிருந்தே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை. உள்ளே அவர் மோட்டார் பெட்டியிலிருந்து கழற்றிய, தீய்ந்துபோன ரிலே சுவிட்ச். வருகிறவர் ஒவ்வொருவரிடமும், “கண்ணுச்சாமி நீங்களா?” என்று கேட்டுவிட்டார்.

எலியேசர் எழுந்து தொண்டையைச் செருமினார். “கண்ணுச்சாமிக்குத் திடீர்னு காய்ச்சல். அவர் அனுப்புன குறிப்பை நான்...”

“அட!” என்றது கூட்டம். இரண்டு பேர் வண்டிச் சாவியை எடுத்தார்கள்.

சீனிச்சாமி மட்டும் பதறவில்லை. “சுந்தரபாண்டியம்தானே? என் மச்சினி வீடு அங்கதான். காய்ச்சக்காரரைப் பாத்த மாதிரியும் ஆச்சு, நேர்லயே கேட்டுக்கிடுதேன். எந்தத் தெரு தம்பி?”

ஏதாவது ஒரு தெருவைச் சொல்லியிருக்கலாம். எலியேசர் மஞ்சப்பையைப் பார்த்தார். இந்த மனுஷன் மே மாச வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டுவார், தட்டிக்கொண்டே இருப்பார் என்பது தெரிந்துவிட்டது.

“கண்ணுச்சாமின்னு யாரும் இல்லைய்யா. நாந்தான் எழுதுனேன்.”

ஒரு நொடி கழித்துத்தான் சிரிப்பு வெடித்தது.

“அப்போ என்னை லேன்னு சொன்னது நீங்களா அண்ணாச்சி?” சிவபாண்டி அடிபட்டவன் மாதிரி கேட்டான். சிரிப்பு இரண்டு மடங்கானது.

பெஞ்சிலிருந்து ஒருத்தன், “அப்போ அழகுத்தாய் அக்கா?” என்றான்.

“அவளும் இல்ல.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. கேட்டவனே குனிந்து செருப்பைத் தேடினான்.

“அப்போ மோட்டாரு?” என்றார் சீனிச்சாமி.

“எழுதுனபடி செஞ்சா ஓடணும். ஆனா நான் வச்சுப் பாத்தது கிடையாது. எனக்குக் கிணறு இல்ல.”

பெரியவர் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். “முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஒரு தூக்கம் போட்டிருப்பேன்லய்யா,” என்றவர் கோபமில்லாமல்தான் படி இறங்கினார். அவர் பின்னால் எல்லாரும். சிலர் எலியேசர் தோளைத் தட்டினார்கள். தட்டாமல் போனவர்களே தேவலை என்று அவருக்கு இருந்தது.

நாற்காலி அடுக்கக் கூட நின்றது சிவரஞ்சனி ஒருத்திதான். அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, ஒரு கல்லூரி லேபில் வேலை, வழக்கமான நாலு பேரில் வாய் திறக்காமல் வந்து போகிறவள்.

“எனக்கு முதல் மெயில்லயே தெரியும் சார்,” என்றாள்.

“எப்படி?”

“உங்க மெயில் எல்லாம் கிளம்புத வீட்டுக் கம்ப்யூட்டர் பேரு பெத்தானியாதானே? கண்ணுச்சாமி மெயிலும் பெத்தானியால இருந்துதான் வந்துச்சு.”

ஒவ்வொரு மெயிலுக்கும் மேலே, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத சில வரிகள் ஒட்டிக்கொண்டு வரும். எந்தக் கம்ப்யூட்டரில் கிளம்பியது, எந்த வழியாக வந்தது என்று அதில் இருக்கும். ஊரில் மற்றவர்களைப் போல எலியேசரும் போனிலிருந்து தட்டிவிட்டிருந்தால் அதில் பெத்தானியா இருந்திருக்காது. ஆனால் போனில் மெயில் அனுப்புவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வீட்டுக் கம்ப்யூட்டரில், கறுப்புத் திரையில், தாமே ஒழுங்குபடுத்திய புரோகிராமில்தான் அனுப்புவார். பொய்யையும் அதிலேயே அனுப்பியிருந்தார்.

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

சிவரஞ்சனி நாற்காலியைத் தூக்கி மேலே வைத்தாள். “அழகுத்தாய் கோவிச்சுக்கிட்ட அன்னைக்குச் சொல்லிருவோம்னுதான் நினைச்சேன். மறுநாள் சமாதானம் ஆயிட்டாகளான்னு பாத்துட்டுச் சொல்வோம்னு விட்டுட்டேன் சார்.”

புதன்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு பேச்சுக் கோரிக்கை வந்தது. அவளுடைய முதல் கோரிக்கை. முதல்முறை எழுதுகிறவர்களின் மெயில் அமைப்பாளர் அனுமதித்தால்தான் பட்டியலுக்குப் போகும், அமைப்பாளர் எலியேசர். தலைப்பு: ‘ஒரு மெயில் உண்மையில் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி’. முப்பது நிமிடம். கீழே அவருக்கு மட்டும் தனியாக ஒரு வரி: “கண்ணுச்சாமி மெயிலையே உதாரணமாகக் காட்டலாமா சார்? வேண்டாம் என்றால் வேறு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அளவுக்கு நல்ல உதாரணம் கிடைக்காது.”

மே கூட்டம் பேச்சே இல்லாமல் கலைந்துவிட்டதால், டியூஷன் மிஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சிவபாண்டி சொல்லியிருந்தான். அனுமதி கொடுத்தால், புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் ஆறடி அகலத்துக்கு அவர் பொய் விழும். வரிக்கு வரி ஒரு பெண் குச்சி வைத்துக் காட்டுவாள். கொடுக்காவிட்டால் எல்லா ஞாயிறும் நாலு மணி, எட்டு நிமிடம்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அனுமதித்தார். ‘காட்டலாம்’ என்றும் எழுதினார்.

மத்தியானத்துக்குள் பன்னிரண்டு ‘வாரேன்’. ஒருத்தர் மட்டும், கண்ணுச்சாமி அண்ணனும் வருவாரா என்று கேட்டுச் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டிருந்தார். மில்லுக்கே போன் போட்டான் சிவபாண்டி.

“அண்ணாச்சி, மிஸ்ஸுகிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன். பெஞ்சுக்கும் சொல்லி வச்சாச்சு. உங்க மெயிலைப் பெரிசாப் போடப் போறாவளாமே?”

“ஆமா.”

“எல்லாரும் வருவாவ,” என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

சாயங்காலம் வந்து, பன்னிரண்டு பெயருக்கும் கீழே எலியேசர் தம் பெயரில் ‘வாரேன்’ என்று எழுதினார். அப்புறம் உறுப்பினர் பட்டியலைத் திறந்து முப்பத்திரண்டாவது பெயரை நீக்கினார். கண்ணுச்சாமியை நீக்குவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

நீங்குகிற ஒவ்வொருவருக்கும் பட்டியல் தானாகவே ஒரு கடிதம் அனுப்பும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், யாரும் போகாத காலத்தில், எலியேசர் எழுதிவைத்த வாசகம். அது கண்ணுச்சாமியின் மெயில் பெட்டியில் வந்து விழுந்தது. அதைத் திறக்க எலியேசரை விட்டால் ஆள் இல்லை.

“மதிப்பிற்குரிய உறுப்பினரே, நீங்கள் எங்களை விட்டுப் போவதில் வருத்தம். உங்கள் நாற்காலி இங்கேயே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். ஏதாவது சொல்ல நினைத்தால் இதற்குப் பதில் எழுதுங்கள்.”

கீழே வெள்ளைத்தாயின் மிஷின் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. பதில் எழுதலாமா என்று அவர் செத்த நேரம் யோசித்தார். எழுதினால் அதுவும் அவருக்குத்தான் வரும்.