படத்தோடு சண்டை போட்ட கோமாளி

சேன் ஜெர்மேன் சந்தையில் நாடகக் கொட்டகை வாசலில் புதிதாக வரைந்த விளம்பரப் படத்தை மாட்டியதுமே திபோ தலையில் கைவைத்துக்கொண்டான். பாரீஸையே சிரிக்கவைக்கும் வெள்ளுடைக் கோமாளி அவன். படத்திலோ எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி கையைத் தொங்கப்போட்டு நிற்கிறான். மற்ற நடிகர்கள் பின்னால் கும்மாளம் போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு கழுதை வேறு.

"இந்த மூஞ்சியப் பாத்துட்டு எவன்டா உள்ள வருவான்?" என்று வெடித்தாள் முதலாளியம்மா கிலோத். "இன்னிக்குக் கொட்டகை நிறையலேன்னா உன் வேஷம் என் அக்கா மகன் லூபனுக்குத்தான், ஆமா!"

ஓவியனைத் திட்டிப் பயனில்லை. லூபனைப் பற்றிய பேச்சு முதன்முதலாகக் காதில் விழுந்த அன்றுதான் திபோ படத்துக்காக அந்த ஓவியன் முன்னால் போய் நின்றான். மனுஷன் கண்ட முகத்தை அப்படியே வரைந்துவிட்டான்.

சந்தைக் கூட்டம் வந்தது, பார்த்தது, உள்ளே நுழையாமல் அங்கேயே நின்றது. தேன்ரொட்டி மென்றுகொண்டிருந்த பொய்முடிக் கடைக்காரர் ஒருவர் விளக்கவுரையே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த நீளக் கைச்சட்டை இருக்கே, அது கைவிலங்கு. கழுதைதான் ஊரு உலகம். உள்ளுக்குள்ள அழுறான்யா, பாவம்!"

ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். திபோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாவு பூசிய முகத்தோடு வெளியே பாய்ந்து படத்தின் முன் நின்றான்.

"ஏண்டா, நமக்கு என்னடா குறைச்சல்? வேளாவேளைக்கு சூப் குடிக்கலையா? எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? சொல்லுடா!"

படத்தில் இருந்த அதே தொங்கிய கை, அதே தொங்கிய முகம் அவனுக்கும். கூட்டம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் கொல்லென்று சிரித்தது. தனக்குத் துக்கமே இல்லை என்று அவன் சத்தியம் செய்யச் செய்ய, சிரிப்பு கூடிக்கொண்டே போனது.

காவலர் ஓடிவந்தார். "நிறுத்து! சந்தைக் கூத்துல ரெண்டு பேரு பேசிக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

பெரிய நாடகசாலைக்காரர்கள் வாங்கி வைத்திருந்த தடை அது. ஒருவன் பேசலாம், இன்னொருவன் பதில் சொன்னால் கொட்டகைக்குப் பூட்டு.

"நான் மட்டுந்தானுங்க பேசுறேன். அவன் எங்க வாயத் தொறந்தான்? நீங்களே கேளுங்க!"

காவலர் தன்னை மறந்து படத்தைப் பார்த்து, "பேசினியா நீ?" என்று அதட்டிவிட்டார். அவ்வளவுதான், ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அன்று கொட்டகையில் நிற்க இடமில்லை. வேஷம் தப்பியது. மறுநாள் திபோ சீட்டியடித்துக்கொண்டே வந்து, முகமெல்லாம் பல்லாகப் படத்தோடு சண்டைக்கு நின்றான். ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை.

கிலோத்துக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சட்டென்று அவன் காதோரம் குனிந்து, "லூபன் அளவுக்கு உன் சட்டையத் தைக்கக் குடுத்தாச்சு" என்றாள். திபோவின் சிரிப்பு வடிந்தது, கூட்டத்துக்குச் சிரிப்பு பொங்கியது.

அதிலிருந்து தினமும் இதே கதைதான். அவள் சும்மா சொல்கிறாள் என்று திபோவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் அவன் முகம் தொங்கிப்போகும். வெளியே ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.