பதினொரு பள்ளிக்கும் ஒரே சட்டம்

எங்கள் குழுமத்தில் பதினொரு பள்ளிகள். பத்து கரையில், ஒன்று ஏரிக்கு நடுவே தீவில். பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் டேப்லெட்டுகள் எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி நடக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. கரையில் கிசுமு நகரத்து அலுவலகத்தில் ஒரு நாற்காலி, ஒரு கணினி, தீராத தலைவலி. ஒரு பள்ளியில் சார்ஜர் ஒத்துவரவில்லை என்பார்கள், இன்னொன்றில் பையன்கள் பாடத்தை விட்டுவிட்டுப் பந்தாட்டம் பார்க்கிறார்கள் என்பார்கள். "அபொண்டி மேடம்" என்று யார் ஆரம்பித்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே எனக்குக் களைத்துவிடும்.

சட்டங்களில் ஒன்று இது. பதினான்கு நாள் இணையத்தைத் தொடாத டேப்லெட், திருடு போனதாக நினைத்துத் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பூட்டாமல் இருக்க, பள்ளியின் பொறுப்பாசிரியர் தன் கடவுச்சொல்லைப் போட்டு ஒவ்வொன்றையும் இணைக்க வேண்டும். அவருக்குப் பதில் வேறு யார் போட்டாலும் ஏற்காது.

ஒரு வெள்ளிக்கிழமை இயக்குநர் ஒடுண்டோ என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். தீவுப் பள்ளியின் நாற்பத்திரண்டு டேப்லெட்டும் போன சனிக்கிழமைகளில் எங்கே இருந்தன என்று வரைபடத்தில் பச்சைப் புள்ளிகள். பள்ளியில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கரையில், படகுத்துறையில், மதுக்கடைக்குப் பக்கத்தில் கொத்தாகக் கிடந்தன.

"விக்கிறானுங்க. இல்லன்னா வாடகைக்கு விடுறானுங்க. நாளைக்குச் சனிக்கிழமைதானே? கையும் களவுமா பிடிச்சிட்டு வாங்க. அந்தப் பள்ளிக்கூடத்தத் திட்டத்துல இருந்தே எடுத்துடலாம்" என்றார்.

என் சனிக்கிழமை போனது. மத்தாத்து வேனில் நாலு பேர் சீட்டில் ஆறு பேராக நெருக்கிக்கொண்டு போய்ப் படகுத்துறையில் இறங்கினேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. யார்மேலாவது கத்தித் தீர்க்க வேண்டும் என்று இருந்தது.

மதுக்கடையை ஒட்டி ஒரு டீக்கடை. அதில் இரண்டு மேசை நிறைய டேப்லெட்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒமெனாப் பொடிமீன் கருவாடு கொண்டுபோகும் மரப்பெட்டி. ஒரு டேப்லெட்டை எடுப்பான், கடவுச்சொல் போடுவான், தன் போனிலிருந்து நெட் கொடுத்துக் காத்திருப்பான், பச்சை வந்ததும் பெட்டியில் வைப்பான். தீவிலிருந்து வரும் டேப்லெட்டுகளில் எல்லாம் ஏன் கருவாட்டு நாற்றம் என்று எங்கள் ரிப்பேர்க்காரர் புலம்பியதற்கு அன்றைக்குத்தான் எனக்கு விடை கிடைத்தது.

கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஆபீஸா அக்கா? நல்லா கேளுங்க. இந்த வாத்தியாரு ஒரு டீ வாங்கிட்டு ரெண்டு மேசைய மத்தியானம் வரைக்கும் பிடிச்சுக்கிறாரு. யாவாரம் எனக்கா, இந்தப் பெட்டிக்கா?"

அவன் எழுந்து நின்றான். பெயர் ஒகோலா. பொறுப்பாசிரியன்.

"இங்க எதுக்குய்யா கொண்டாந்த?" என்றேன். கத்தத்தான் நினைத்தேன், மெல்லத்தான் கேட்டேன்.

"தீவுல பேசறதுக்குச் சிக்னல் கிடைக்கும் மேடம். நெட் வராது. பூட்டிக்கிச்சுன்னா பிள்ளைங்க வெறும் பலகையத்தான் பாக்கணும். அதான் ஒரு சனி விட்டு ஒரு சனி, காலைப் படகுல எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துடுவேன்."

"சாயங்காலம் திரும்பிப் போறியா?"

"போயாகணுமே. ராத்திரி டேப்லெட்டுங்க பள்ளிக்கூட அலமாரியில இருக்கணும்னு சட்டம். நீங்கதானே மேடம் அனுப்புனீங்க?"

நான்தான் அனுப்பியிருந்தேன். பதினொரு பள்ளிக்கும் ஒரே நாளில்.

அவனோடு உட்கார்ந்து நானும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். நடுவில் போனில் ஒரு படம் காட்டினான். மனைவி அவினோ, கரையில் மிகோரி என்ற ஊரில் நர்ஸ். மடியில் மூன்று மாதக் குழந்தை.

"ஒரு சனி இதுங்களுக்கு, ஒரு சனி அவங்களுக்கு. ஞாயித்துக்கிழமை படகு கிடையாது. சனி கிளம்பினாத்தான் பாத்துட்டுத் திங்கள் விடியக்காலை வர முடியும். போன தடவை போனப்ப பொண்ணு என்னைப் பாத்து வீல்னு அழுதா மேடம். யாரோ எவனோன்னு நினைச்சிருப்பா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை இயக்குநரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். "தீவுக்கு மட்டும் பதினாலு நாள அறுபதாக்குங்க சார். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும். அந்தப் பையன் வாரா வாரம் வீட்டுக்குப் போகட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உருகிப்போயிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "திருடன்னு நினைச்சேனே! எப்பேர்ப்பட்ட பையன்! கரையில இருக்கிறவனுங்க இதுல பாதியாவது செய்றானுங்களா?"

"அறுபது நாள் சார்..."

"ஒருத்தனுக்கு ஒரு சட்டம் போட்டா பத்துப் பேரும் வந்து நிப்பானுங்க அபொண்டி. வேற செய்வோம். இவன் செய்யறதையே எல்லாருக்கும் சட்டமாக்குவோம். இனிமே எல்லாப் பள்ளிக்கூடமும் சனிக்கிழமை தவறாம டேப்லெட்டுகளச் சரிபாக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இல்ல, வாராவாரம். சுற்றறிக்கையில அவன் பேரையும் போடுங்க. பெருமையா இருக்கும்."

சண்டை போட்டேன். தீவு, படகு, குழந்தை என்று இரண்டு முறை சொன்னேன். "எல்லாருக்கும் கஷ்டந்தான்" என்றார். கரைப் பள்ளிக்காரர்களுக்கு அது அலுவலக நாற்காலியில் டீ குடித்துக்கொண்டே அரை மணியில் முடிகிற வேலை. மூன்றாம் முறை சொல்ல எனக்குத் தெம்பில்லை. இந்த வயதில் தெம்பைச் சில்லறை மாதிரிப் பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

சுற்றறிக்கை போய்ச் சேருமுன் நானே சொல்லிவிடலாம் என்று ஒகோலாவைக் கூப்பிட்டேன். இனி வாராவாரம் சனிக்கிழமை சரிபார்க்க வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

"அப்ப மிகோரி?" என்றான்.

"லீவுலதான்ப்பா."

"மேடம், எங்களுக்காக நீங்க அவர்கிட்ட பேசினீங்களா?"

"பேசினேன்ப்பா. ரொம்ப நேரம் பேசினேன்."

"இனிமே பேசாதீங்க மேடம்."