வேலியில் தொங்கும் சிம்கிதா

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே பன்னிரண்டு வருஷமாக எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டு மக்வின்யா பொரிக்கிறவள், கண்ணைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா வர முடியும்? மாவு உருண்டை ஒரு பக்கம் சிவந்து திரும்புவதற்குள், எந்த வாத்தியார் எத்தனை மணிக்கு வந்தார், யார் கார் யார் வீட்டு வாசலில் நின்றது, எல்லாம் தானாக வந்து விழும். நான் கேட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

மார்ச்சிலிருந்து என் சட்டிக்கு நேர் எதிரே வேலியில் ஒரு பேனர் தொங்குகிறது. அதில் சிம்கிதா முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாள். பின்னால் கரும்பலகையில் ஒரு முக்கோணம். கீழே கொட்டை எழுத்தில், ‘சனிக்கிழமை வகுப்புகள். எங்கள் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு தேர்ச்சி.’ தென்னாப்பிரிக்காவில் எங்கள் போர்ட் எலிசபெத் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அது அடித்து அடித்துப் படத்தில் ஒரு கண் சுருங்கிவிட்டது. நாள் முழுக்க அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறாள்.

சிம்கிதா என் பின்வீட்டு நோலுந்தியின் மகள். நோலுந்தி கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவாள். பெண் பத்தாம் வகுப்பு. துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கொண்டுவருகிறார்களே, அந்தப் பைலட் வேலைதான் வேண்டுமாம்.

“படகுல கால் வச்சதுமே வாந்தி எடுப்பியேடி” என்று கேலி செய்திருக்கிறேன்.

“வாந்தி எடுத்துக்கிட்டே கப்பலைத் திருப்புவேன், மாரதெபே.”

மாரதெபே என் குலப்பெயர். வாய்த்துடுக்கு எவ்வளவு இருந்தாலும் மரியாதை தெரிந்த பிள்ளை.

சனிக்கிழமை வகுப்பை நடத்துவது பெலிண்டா. பல்கலைக்கழகப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வருவாள். அவர்கள் ஒரு ராண்ட் வாங்காமல் கணக்கும் அறிவியலும் சொல்லித் தருவார்கள். தங்கமான மனுஷி என்று ஊரே சொல்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன். வாரம் இருபது மக்வின்யா வாங்குகிறவளை வேறு எப்படிச் சொல்வது?

ஜூலையில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. சிம்கிதா என் சட்டிக்கு முன்னால் வந்து ஒன்றும் கேட்காமல் நின்றாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? காசில்லையா? எடுத்துக்க.”

“சனிக்கிழமை கிளாஸ்ல என் பேரை எடுத்துட்டாங்க. ஜூன் பரீட்சையில கணக்கு முப்பத்தாறு.”

“முப்பது எடுத்தா பாஸ்தானே?”

“சர்க்காருக்குப் பாஸ். மிஸ் பெலிண்டாவுக்கு அம்பது வேணும். பதினாலு பேரை எடுத்துட்டாங்க. சோனோ சார் எங்க எல்லாரையும் சின்னக் கணக்குக்கு மாத்துறாரு. ஃபார்ம் குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

எங்கள் பள்ளிக்கூடங்களில் கணக்கு இரண்டு வகை. ஒன்று நிஜக் கணக்கு. இன்னொன்று, மின்சார பில்லும் பஸ் அட்டவணையும் படிக்கக் கற்றுக்கொடுக்கிற சின்னக் கணக்கு. அதற்குப் போனால் தேர்ச்சி சுலபம். தலைமை ஆசிரியர் சோனோவின் விழுக்காடு ஏறும். பிள்ளைக்குப் பொறியியல் கிடையாது, மருத்துவம் கிடையாது, கப்பலும் கிடையாது. போனவர்கள் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

சட்டியில் ஒரு ஈடு கருகிப்போனது.

முப்பத்தாறு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்குக் கடவுள் கொடுத்த குரல் ஒன்று இருக்கிறது. முதல் சனிக்கிழமை வங்கிக்காரர்கள் வந்தார்கள். வரவேற்புப் பாட்டுக்கு வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் ஜெர்மனிக்காரர்கள். அதற்கடுத்த வாரம் பேனருக்குப் படம். கையைத் தூக்கு, சிரி, இன்னும் கொஞ்சம் சிரி. அப்புறம் நன்றியுரை ஒத்திகை. பெலிண்டா வாசலில் வந்து “சிம், ஒரே நிமிஷம்” என்பாள். நான் மூன்று ஈடு எடுத்து முடித்தாலும் அந்த ஒரு நிமிஷம் முடியாது. உள்ளே மற்றப் பிள்ளைகள் சைன், காஸ் என்று ஓதிக்கொண்டிருப்பார்கள். பதினொரு சனிக்கிழமையில் எட்டு, இவள் வெளியே. பேனரில் பின்னால் இருக்கிறதே ஒரு முக்கோணம், அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவே இல்லை.

அன்று மாலையே நோலுந்திக்குப் போன் போட்டேன்.

“ஏன்டி கையெழுத்துப் போட்ட?”

“பள்ளிக்கூடத்துக் காகிதம், மாரதெபே. பிள்ளைக்குச் சுமை குறையும்னு சார் சொல்லிவிட்டாரு.”

“சுமையா? உன் மகளைக் கழுதைன்னு நினைச்சாரா அந்த ஆளு?” பிறகு எட்டு சனிக்கிழமைக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

போனுக்கு அந்தப் பக்கம் எங்கோ கிழவி இருமுவது கேட்டது.

“எட்டு வாரமும் நீங்க அங்கதானே இருந்தீங்க?” என்றாள் நோலுந்தி. “தெரு முழுக்கச் சொல்லியிருப்பீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

தெருவுக்குத்தான் சொல்லியிருந்தேன். இறைச்சிக் கடையில் சொன்னேன், தேவாலயத்தில் சொன்னேன், “நம்ம நோலுந்தி மகளுக்கு எத்தனை வெள்ளைக்காரன் கை தட்டுறான் பாருங்க” என்று பெருமையாகவே சொன்னேன். வந்தவர்களுக்கு மக்வின்யாவும் விற்றேன்.

“சனிக்கிழமை காலையில வர்றேன்” என்றாள். “கிழவி கத்தட்டும்.”

வியாழக்கிழமை பெலிண்டாவே என்னிடம் வந்தாள். சனிக்கிழமைக்கு அறுபது மக்வின்யா வேண்டும், நன்கொடையாளர்கள் வருகிறார்கள், சிம் பாடுவாள் என்றாள்.

“அவ பேரைத்தான் எடுத்துட்டீங்களே?”

“வருத்தமாத்தான் இருக்கு அம்மா. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே. பாட்டுக்கு மட்டும் வரட்டும். டி-ஷர்ட் குடுக்கிறோம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கரண்டியை நான் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் நல்லதில்லை.

அவள் போன பிறகு பள்ளி அலுவலகத்து கிளார்க் பும்லா நான்கு வாங்க வந்தாள். நான் எதையும் துருவிக் கேட்கவில்லை. “அந்தக் கணக்கு ஃபார்மெல்லாம் போயிடுச்சா?” என்று மட்டும்தான் கேட்டேன். மாவட்ட அலுவலக வண்டி திங்கட்கிழமைதான் வரும், அதுவரை பச்சை ஃபைலில், சார் அறையில், கெட்டிலுக்கு அடியில் இருக்கும் என்று அவளாகவே சொன்னாள். ஒன்று கூடுதலாகப் போட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வந்தது. முற்றத்தில் நாற்காலி போட்டு ஆறு விருந்தாளிகள். நான் அறுபதையும் இரண்டு தட்டில் ஏந்திக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு முன்னால் நோலுந்தி, வேலை உடுப்போடு. நேராக சோனோ சாரிடம் போய் நின்றாள்.

“சார், நான் போட்ட கையெழுத்து எனக்குத் திரும்ப வேணும்.”

“ஃபார்ம் அப்பவே போயாச்சும்மா. செவ்வாய்க்கிழமையே. இனி என் கையில ஒண்ணுமில்ல.”

“கெட்டிலுக்கு அடியில இருக்கு சார்” என்றேன். “பச்சை ஃபைல்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எண்ணெய் காய்ந்திருக்கும். “விருந்தாளிங்க இருக்காங்க. மெதுவாப் பேசுங்க.”

“நான் போட்ட கையெழுத்து எனக்குத் திரும்ப வேணும்” என்றாள் நோலுந்தி, அதே குரலில். அவர் பிள்ளையின் நன்மை என்றார், மன அழுத்தம் என்றார், திங்கட்கிழமை வந்து பாருங்கள் என்றார். அவள் அதையே மூன்றாவது முறையும் சொன்னாள். ஒரு விருந்தாளி திரும்பிப் பார்த்தார். சோனோ சார் எழுந்து அறைக்குப் போனார்.

காகிதத்தில் வட்டமாகக் கெட்டில் கறை. நோலுந்தி அதை நாலாக மடித்து உடுப்புக்குள் செருகினாள்.

இதற்குள் பெலிண்டா கை தட்டிக் கூப்பிட்டாள். “சிம்! பாட்டு!”

சிம்கிதா டி-ஷர்ட் போடவில்லை. பள்ளிச் சீருடை, கையில் நோட்டு. விருந்தாளிகளைக் கடந்து நேரே கணக்கு வகுப்பு வாசலுக்குப் போனாள். பெலிண்டா பின்னாலேயே ஓடினாள்.

“உன் பேர் லிஸ்ட்ல இல்லையேம்மா.”

“லிஸ்ட்ல இல்லை மிஸ். வேலியில இருக்கேன்.” பாடுகிற குரல் அல்லவா, முற்றம் முழுக்கக் கேட்டது. “ஒண்ணு என்னை அங்கேருந்து இறக்குங்க. இல்லைன்னா இங்க ஒரு நாற்காலி போடுங்க.”

ஆறு பேரும் வேலியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி வேலியைப் பார்த்தார்கள். பெலிண்டாவின் கழுத்து சிவந்துபோனது. வகுப்பெடுக்கிற பல்கலைக்கழகப் பையன் யாரையும் கேட்காமல் தன் நாற்காலியைத் தூக்கி முன் வரிசையில் போட்டான். அவள் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

அன்று பாட்டு இல்லை. விருந்தாளிகள் தட்டத் தயாராக வைத்திருந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நானும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் தட்டோடு திரும்பினேன். வெளிச்சுவர் ஓரம் வரிசையாக மற்ற பதின்மூன்று பேர். பழக்க தோஷம், சனிக்கிழமை ஆனால் கால் இங்கே வந்துவிடுகிறது. அதில் ஒருத்தி, மீன் கடை லிண்டெல்வாவின் மகள், என்னை நிறுத்தினாள்.

“மாரதெபே, என்னையும் ஃபோட்டோ எடுத்திருந்தா உள்ள விட்டிருப்பாங்களா?”

இரண்டு தட்டையும் அந்தச் சுவர்மேல் வைத்தேன். “தின்னுங்க” என்றேன். பெலிண்டா வந்து அறுபது எங்கே என்று கேட்கட்டும், அவளுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

பச்சை ஃபைலில் இன்னும் பதின்மூன்று காகிதம் இருக்கிறது. திங்கட்கிழமை வண்டி வரும். மத்தியான வியாபாரம் தொடங்கும் முன்பே அடுப்பை அணைத்தேன், சட்டியை மூடினேன். பதின்மூன்று அம்மாக்களும் எந்தத் தெரு, எந்த வீடு, இந்நேரம் வீட்டில் இருப்பாளா இல்லையா என்று இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? முதல் வாசலில் லிண்டெல்வா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வாங்க, வாங்க. இன்னைக்கு யார் கதை?”

“உன் கதைதான்டி” என்றேன். “துணியைக் கீழ வை.”