இடவப்பாதிக்கு அடைத்த ஜன்னல்

மலையாளத்து மேட மாதம், அதாவது சித்திரை, பிறந்துவிட்டால் கரமனை அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு ஜன்னல் வேலை ஆரம்பமாகிவிடும். வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழை வருவதற்குள் கீலுக்கு எண்ணெய் விட வேண்டும், உளுத்த சட்டத்தை மாற்ற வேண்டும், மேற்கே பார்த்த ஜன்னலுக்கு ஓலைத்தட்டி கட்ட வேண்டும். இதெல்லாம் வருஷா வருஷம் நடக்கிற காரியம்தான். ஆனால் 1953-ல் ஓவர்சியர் ஸ்ரீகண்டன் தன் வீட்டு ஜன்னலுக்குச் செய்ததைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது.

மராமத்து இலாகாவில் அவருக்கு வேலை. அவர் நின்று பார்த்துக் கட்டிய ஓடைப் பாலங்கள் முதல் மழைக்கே ஒழுகும் என்று வேண்டாதவர்கள் சொல்வதுண்டு. வீட்டு விஷயத்தில் அப்படி ஒரு வார்த்தை வரவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் போல வேலை செய்தார். மேற்கே பார்த்த சின்ன அறையின் ஜன்னல் கதவுகளைக் கழற்றி, ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்து, மறுபடி மாட்டச் செய்தார். கதவும் சட்டமும் சேருகிற இடத்தில் பழைய கம்பளியைக் கிழித்து வைத்து, அதன்மேல் தேன்மெழுகை உருக்கி ஊற்றினார். ஜன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரத்தைப் பலகை வைத்து மூடினார். ஓட்டுக்குக் கீழே இருந்த மரத்தட்டில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே கத்தி நுனி போகிற இடமெல்லாம் சுண்ணாம்புப் பொடியும் எண்ணெயும் கலந்த பட்டியைப் பிசைந்து அடைத்தார். கடைசியில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி, ஜன்னல் ஓரமாக மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். புகை நேராக மேலே போனது. துளி அசைவு இல்லை.

“பாத்தியா? ஒரு பொட்டுக் காத்து வராதாக்கும்!” என்று மனைவியிடம் சொன்னார்.

“ஒரு கொசு உள்ளே மாட்டிண்டா அது எப்படி வெளியே போகும்னு யோசிச்சேளா?” என்றாள் அனந்தலக்ஷ்மி.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவர் சிரிக்கவில்லை, அவளும் சிரிப்பைச் சட்டென்று நிறுத்திவிட்டாள். அந்த அறை பிரசவ அறை. ஒரே பெண் விஜயம் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே இடவப்பாதி, இதே அறை, இதே விஜயம்.

அந்தத் தடவை ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே ஒரு ராத்திரி பேய்மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் இடுக்கு வழியாகச் சாரல் பீய்ச்சி அடித்தது. ஸ்ரீகண்டன் கிடைத்த கோணியையெல்லாம் சுருட்டி இடுக்கில் திணித்தார், பிள்ளை பெற்றவளுக்குக் குளிரக் கூடாதென்று கும்மட்டி அடுப்பு நிறையக் கரி போட்டு உள்ளே வைக்கச் சொன்னார். விடியற்காலையில் அனந்தலக்ஷ்மி எட்டிப் பார்த்தபோது கோணி தரையில் கிடந்தது, ஜன்னல் திறந்து கிடந்தது, குழந்தை மேலெல்லாம் தூவானம். தொட்டுப் பார்த்தாள், ஜில்லிட்டுப்போயிருந்தது. மூச்சு முட்டுவது போல் இருந்ததால் தான்தான் ஜன்னலைத் திறந்ததாக விஜயம் சொன்னாள்.

குளிர் கண்டுதான் குழந்தை போயிற்று என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். விஜயத்தின் புக்ககமான ஸ்ரீவராகத்திலிருந்து ஓடிவந்த சம்பந்தி வடிவாம்பாள் வாசலில் நின்றுகொண்டு, “பெத்தவளே ஜன்னலைத் தொறந்து விட்டு வாரிக் குடுத்துட்டாளே!” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி அலறினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு விஜயத்தை விடவே இல்லை. புக்ககத்தில் யாராவது தும்மினால்கூட அவளைத் திரும்பிப் பார்ப்பார்களாம். மாப்பிள்ளை சுப்பு நல்லவன்தான், ஆனால் அம்மா பேசும்போது பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிற ரகம்.

ஸ்ரீகண்டன் பெண்ணை வைததே இல்லை. ஒரே ஒரு தடவை, “ஏண்டி தொறந்தே?” என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் மறுபடி கேட்கவில்லை. அப்படிக் கேட்டது போதாதா?

இந்தத் தடவை பிறக்கப்போகிற குழந்தையைப் பிழைக்க வைத்தே தீர வேண்டும். இதையும் பறிகொடுத்தால் விஜயத்துக்கு ஸ்ரீவராகத்தில் இடமில்லை என்பதை வடிவாம்பாள் ஜாடையாகச் சொல்லாமல் நேராகவே சொல்லிவிட்டாள். அந்தப் பயத்தில்தான் மனுஷர் ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இடவத்தில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையும் தாயும் சௌக்கியம். தீட்டுக் கழியும்வரை ஆண்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது என்பதால் ஸ்ரீகண்டன் வாசற்படிக்கு வெளியே நின்றே அதிகாரம் பண்ணினார். முறத்தில் துணி விரித்துப் படுக்கவைத்த குழந்தையை ஜன்னல் பக்கமே கொண்டுபோகக் கூடாது, கதவோரமாகத்தான் வைக்க வேண்டும் என்றார். கும்மட்டி அணையக் கூடாது என்றார்.

“விஜயம், கேட்டியா, ஜன்னல் மேலே கை வெச்சுடாதே. மெழுகு விட்டுப்போயிடும்.”

“செரிப்பா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மழை ஒரு மத்தியானம் வந்தது. கடலிலிருந்து காற்று புரட்டிக்கொண்டு கிளம்பி, தென்னை மரங்களைப் பிடித்து உலுக்கி, ஓடுகளின் மேல் தடதடவென்று இறங்கியது. ஆபீசில் ஸ்ரீகண்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேலதிகாரியிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். நேரே உள்ளே போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய் நின்றார். சாரல் ஜன்னல் கதவில் அறைந்து அறைந்து வழிந்துகொண்டிருந்தது. அசைந்து கொடுக்கவில்லை கதவு. முழங்கால்வரை நனைந்தபடி நின்று அதைப் பார்த்துச் சிரித்தார்.

உள்ளே வந்து, எப்போதும் ஒருக்களித்திருந்து அன்றைக்கு மழைக்காகச் சாத்தியிருந்த அறைக் கதவுக்கு வெளியே நின்று, “விஜயம், சாரல் அடிக்கறதா?” என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை.

அசந்து தூங்குகிறாள் என்று நினைத்தார். பேய்மழையிலும் தாயும் பிள்ளையும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்! அடுக்களைக்குப் போய் அனந்தலக்ஷ்மியிடம் காபி வாங்கிக்கொண்டு, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ரசித்துக் குடித்தார்.

அனந்தலக்ஷ்மி பத்தியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அறைக் கதவைத் திறந்தாள். கிண்ணம் கீழே விழுந்து உருண்டது.

“ஏன்னா! ஐயோ, ஏன்னா!”

அப்படி ஒரு குரலை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. தீட்டாவது மண்ணாவது, ஒரே பாய்ச்சலில் உள்ளே போனார். அறை உலைபோலக் கொதித்தது. மழை இருட்டில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, மூலையில் கும்மட்டியின் சிவப்புதான் தெரிந்தது. பிறகு பாய் தெரிந்தது. பாயில் விஜயம் இல்லை.

ஜன்னலுக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். பாயிலிருந்து அங்கேவரை ஊர்ந்து போயிருக்கிறாள். ஒரு கை சுவரோரமாக மேலே நீண்டிருந்தது. வாயோரம் வாந்தி. முகத்தைத் திருப்பினார். கண் பாதி மூடியிருந்தது, தலை கையோடு துவண்டு வந்தது.

“கொழந்தையை எடு! எடுத்துண்டு வெளியே போ!” என்று கத்தினார். அனந்தலக்ஷ்மி முறத்தோடு வாரிக்கொண்டு ஓடினாள்.

பெண்ணின் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தார். இரண்டடி நகர்த்துவதற்குள் அவருக்கே தலை சுற்றியது. நெஞ்சுக்குள் காற்றே போகவில்லை. அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தார். கொண்டியைப் பிடித்து இழுத்தார், கதவு பிடிகொடுக்கவில்லை. அவரே உருக்கி ஊற்றிய மெழுகு, அவரே கிழித்து வைத்த கம்பளி. தள்ளாடி வெளியே போய், அடுத்த அறை மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து வந்தார். கம்பிக்கு நடுவே விட்டு ஒரு குத்து. இன்னொரு குத்து. எத்தனை குத்தினார் என்று அவருக்குத் தெரியாது. பலகை பிளந்து வெளியே பறந்தது, காற்றும் மழையுமாக அவர் முகத்தில் வந்து அறைந்தது.

விஜயத்தின் மேல் சாரல் அடித்தது. அவள் தொண்டையில் ஒரு கரகரப்பு எழுந்தது. பிறகு நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். கூடத்திலிருந்து குழந்தை வீறிட்டு அழுகிற சத்தமும் கேட்டது. ஸ்ரீகண்டன் உலக்கையைப் போட்டுவிட்டு அவளைத் தரையோடு தரையாகக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வீட்டுக்காரர் மழையில் ஓடி, கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் சத்தியதாஸைக் கூட்டி வந்தார். டாக்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பெண்ணையும் குழந்தையையும் பரிசோதித்தார், ஊசி போட்டார். பிறகு பிரசவ அறைக்குள் போய்த் தட்டையும் சட்டத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

“உயிருக்கு இனி பயமில்லே சாமி. ஆனா இது என்ன வேலை? கரி எரியிற முறியில காத்துக்கு ஒரு வழி வேண்டாமா? பழைய வீடுகள்ல ஓட்டை விரிசல் வழியா காத்து தன்னால வந்துரும், அதனால ஒண்ணும் சம்பவிக்காது. நீங்க ஒரு ஓட்டைகூட பாக்கி வைக்கலியே! கரிப்புகை கண்ணுக்குத் தெரியாது கேட்டேளா. இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா ரெண்டு பேரும் உறங்கினபடியே போயிருப்பாங்க. பிள்ளை கதவுப் பக்கத்துல கிடந்ததுனால தப்பிச்சுது.”

அனந்தலக்ஷ்மி குழந்தையை மார்போடு அணைத்தபடி நின்றாள். “சின்னக் கொழந்தையானா, டாக்டர்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“சின்னப் பிள்ளையானா அதுதான் முதல்ல போகும்” என்றார் டாக்டர், கையைத் துடைத்துக்கொண்டே. அவர் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் சொன்னார். பீஸ்கூட வாங்காமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

புருஷனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தப் பழைய ராத்திரி வந்து முன்னால் நின்றது. கோணியைத் திணித்தது யார்? கும்மட்டி நிறையக் கரி போடச் சொன்னது யார்? மூச்சு முட்டியதால் திறந்தேன் என்று பெண் சொன்னாளே, அதை ஒருவராவது காதில் போட்டுக்கொண்டார்களா? அவள் திறக்கும்போது குழந்தை ஏற்கெனவே போயிருக்கும். திறந்ததால்தான் அவளாவது அன்றைக்குப் பிழைத்தாள். ஸ்ரீகண்டன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது விஜயம் கண் விழித்தாள். முதலில் குழந்தையைத் தேடினாள். அனந்தலக்ஷ்மி பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். தொட்டுப் பார்த்தாள், கன்னம் சூடாக இருந்தது. பிறகு காலடியில் நின்ற அப்பாவைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் பயந்துபோய் எழுந்திருக்க முயன்றாள்.

“அப்பா, நான் ஜன்னலைத் தொறக்கலே.”

ஸ்ரீகண்டன் படுத்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“சத்தியமா தொறக்கலேப்பா. தலை வெடிச்சுப் போறாப்பலே வலிச்சுது, வாந்தி வந்துது, மூச்சு முட்டித்து. கிட்டேவரைக்கும் போனேன். கொண்டியிலே கைகூட வெச்சேன். உடனே எடுத்துட்டேன். வேணும்னா மெழுகைப் பாருங்கோ, விட்டிருக்காது.”

அனந்தலக்ஷ்மி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். ஸ்ரீகண்டன் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதுதான் சரி.

“தொறந்திருக்கணும்டி” என்றார். “இன்னிக்கும் தொறந்திருக்கணும். அன்னிக்கு நீ தொறந்ததும் சரிதான். குளிராலே போகலே அந்தக் கொழந்தை. அடைச்சு வெச்ச கரிப்புகையிலே போயிருக்கு. டாக்டர் சொல்லிட்டார்.”

விஜயம் குழந்தையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவர் சொன்னது அவளுக்குள் இறங்க வெகு நேரமாயிற்று. இரண்டு வருஷமாகக் குனிந்தே பேசிப் பழகிய பெண், நேருக்கு நேராக அவர் கண்ணைப் பார்த்தாள்.

“அப்போ நான் கொல்லலையாப்பா?”

“இல்லேடி கொழந்தே” என்றார் ஸ்ரீகண்டன். “நான்.”