மெய்யாக நடந்த வாக்கியம்

அகராதி எழுதுகிறவளுக்கு அகராதி பிடித்தவள் என்று பெயர் வராமல் இருக்குமா? பதிப்பகத்தில் அவளை முகத்துக்கு நேரே அகராதியம்மா என்பார்கள். முதுகு திரும்பியதும் அந்த 'அம்மா'வை விட்டுவிடுவார்கள். அவளும் கணவரும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து காலமெல்லாம் அகராதிகள் எழுதியவர்கள்; கடைசியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று எழுதிவந்தார்கள். மூன்றாம் எழுத்தைத் தாண்டுவதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியம் எதுவானாலும் தெரிந்தவர் யாருக்காவது மெய்யாக நடந்திருக்க வேண்டும். பூனை பாலைக் குடித்தது என்று எழுதினால் எந்த வீட்டுப் பூனை என்று கேட்பார். அவள் உரக்க வாசிப்பாள். அவர் பேனாவின் பின்முனையால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால் சரி. இரண்டு தட்டினால் புளுகு. மகள் பேசக் கற்றதே அந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான். வீட்டுப்பாடம் முடிந்துவிட்டது என்று அவள் சொன்னால் இரண்டு தட்டு விழும்.

இவ்வளவு உண்மை பார்த்தவர் தன் நோயை மட்டும் ஓராண்டு மூடி மறைத்துவிட்டார். வைத்தியம் வேண்டாம் என்று தானே முடிவு செய்து, தானே மருத்துவரிடம் சொல்லி, வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சாப்பிட்டிருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு மருத்துவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. ஊருக்குத்தான் உபதேசம். அழுகையைவிட ஆத்திரம்தான் அவளுக்கு அதிகம் வந்தது; அது இன்னும் தணியவில்லை.

அதற்குப் பிறகுதான் எதிர் மேஜையிலிருந்து தட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் மரம் காய்கிறது என்று நினைத்தாள். பிறகு மாடி வீட்டுக்காரர் மேல் பழியைப் போட்டாள். ஆனால் மாடி வீட்டுக்காரருக்கு எந்த வாக்கியம் புளுகு என்று எப்படித் தெரியும்? யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறை கழன்றுவிட்டது என்பார்கள். உண்மையில் அந்தச் சத்தம் இல்லாத நாளில்தான் அவளுக்கு வேலை ஓடவில்லை.

அன்று பிற்பகல் கைக்கு வந்த சொல் 'கன்சல்ட்'. பொருள் எழுதுவது எளிதாகத்தான் இருந்தது. ஒன்று, விவரம் அறிந்தவரிடம் ஆலோசனை கேட்டல். இரண்டு, ஒரு காரியத்தில் இறங்கும் முன் அதில் பங்குள்ளவரோடு கலந்து பேசுதல். நூலைப் புரட்டிப் பார்ப்பதற்கும் அதே சொல்தான். முதல் பொருளுக்கு, "அவள் மருத்துவரிடம் ஆலோசனை கேட்டாள்" என்று எழுதி வாசித்தாள். எதிரே ஒரு தட்டு.

மெய்தான். போன வாரம் போயிருந்தாள். மார்பில் கட்டி. அறுத்து எடுத்துவிட்டால் பிழைக்க வழி நிறைய இருக்கிறது, வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்றார் மருத்துவர். வீட்டில் யார் இருக்கிறார்கள், காலி நாற்காலியைத் தவிர? வரும் வழியிலேயே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். அந்த மேஜை தன்னைக் கூப்பிடுகிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பயமாகவும் இருந்தது, போய்விடலாம் என்றும் இருந்தது.

இரண்டாம் பொருளுக்கு வாக்கியம் வேண்டுமே. "என் கணவர் முடிவெடுக்கும் முன் என்னோடு கலந்து பேசினார்" என்று வீம்புக்கு வாசித்தாள். இரண்டு தட்டு.

"தெரியுதுல்ல!" என்று கத்தினாள். "அப்ப ஏன் பேசல?"

அந்த வரியை அடித்தாள். பிறகு, "அவள் தன் மகளோடு கலந்து பேசினாள்" என்று எழுதி மெல்லிய குரலில் வாசித்தாள். இரண்டு தட்டு. பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

மகளுக்கு வேலை இரண்டு தெரு தள்ளி, மூக்குக்கண்ணாடிக் கடையில். கழுத்தில் கடையின் அடையாள அட்டை தொங்கத் தொங்க ஓடி வந்து அப்பாவின் நாற்காலியில் விழுந்தாள். அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்: கட்டி, மருத்துவர், வேண்டாம் என்ற முடிவு.

"அவ்வளவுதான். உன்கிட்ட கலந்து பேசியாச்சு. வாக்கியத்த முடிச்சுடறேன்" என்று அதை மறுபடி உரக்க வாசித்தாள்.

மகள் அப்பாவின் பேனாவை எடுத்தாள். மேஜையில் இரண்டு தட்டு தட்டினாள்.

"என்னடி?"

"புளுகும்மா. நீ முடிவு பண்ணிட்டு வந்து தகவல் சொல்ற. அது கலந்து பேசறதா? அப்பா அதுகூட செய்யல, நீ ஒரு படி மேலன்னு மெடல் குத்தி விடணுமா?" பேனாவால் இரண்டு மேஜைகளையும் சுட்டினாள். "என்னை யாருமே கேக்கல. அப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல. போறவங்க போயிடுவீங்க. இந்த ரெண்டு மேஜையையும் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருக்கணும்."

இத்தனை நாளும் அகராதியம்மா தான் மட்டுமே கேட்கப்படாதவள் என்று நினைத்திருந்தாள். அதே அநியாயத்தைப் பெற்ற பிள்ளைக்குச் செய்யவிருந்தது அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். என்ன கேட்பது என்று தெரியும், நாக்குதான் எழவில்லை. வேண்டாம் என்ற முடிவை விட்டுவிட்டால் இத்தனை மாதம் துணைக்கு இருந்த சத்தத்தையும் விடவேண்டியிருக்குமோ?

மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றாள் அவள். "என்ன செய்யலாம்? நீ சொல்லு."

எதிரெதிரே கிடந்த இரண்டு மேஜைகளிலும் பேனாக்கள் அசையாமல் கிடந்தன. நான்கு கைகளும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன.

மேஜையில் ஒரு தட்டு விழுந்தது.

மகளின் முகம் வெளுத்தது. "அம்மா, உனக்கும் கேட்டுச்சா?"