அளவு ஜாக்கெட்

ஷைனி தன் கல்யாண ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன தங்கைக்கு அது தொளதொளவென்று இருக்கும்.

கல்யாணமாகாத பெண்ணை மணக்கோலத்தில்தான் கல்லறைக்கு அனுப்புவார்கள். டெங்கு ஒரே வாரத்தில் சோபியாவைக் கொண்டுபோயிருந்தது. புதுச் சேலைக்கு அவகாசமில்லை. காலையில் அம்மா அன்னமேரி பீரோவைத் திறந்து, அடுத்த மாதக் கல்யாணத்துக்காக ஷைனிக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைப் பட்டோடு வந்து நின்றாள்.

"உனுக்கு வேற எடுத்துக்கலாம்டி. இது அவளுக்கு நல்லா இருக்கும்."

அவளுக்கு எதுதான் நல்லா இருக்காது? ஷைனி பட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் சோபியாதான் மாதா. கண்ணாடி டம்ளரை உடைத்தவள் அவளாக இருந்தாலும் அடி ஷைனிக்கு. "அந்த மூஞ்சியப் பாரு, அது பொய் சொல்லுமா?" என்பாள் அம்மா. இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் உடலைக் கண் அழகென்று எடுத்துக்கொள்கிறது என்று ஷைனி விலங்கியல் வகுப்பில் படித்திருந்தாள். அழகைக் குழந்தை மனசென்று ஏன் எடுத்துக்கொள்கிறது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆனந்த்ராஜ் ஷைனியைப் பெண் பார்க்க வந்த அன்று சோபியாவை உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே போய் முறுக்குத் தட்டை நீட்டினாள். அவன் தட்டைப் பார்க்காமலே முறுக்கை எடுத்தான்.

அளவு பார்க்க சோபியாவின் பழைய ஜாக்கெட்டை ஷைனி உள்பக்கம் திருப்பினாள். இடது தோளில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. பழைய துணியை நாலாக மடித்து, கையாலேயே தைத்து வைத்திருந்தது.

எழுந்து சோபியாவைக் கிடத்தியிருந்த கட்டிலருகே போய்ப் போர்வையை விலக்கினாள். இடது தோள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

ஷைனியோடு ஒரே அறையில் படுத்தவள்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் உடை மாற்றுவாள். பின்னலை எப்போதும் இடப்பக்கம் முன்னால் விட்டுக்கொள்வாள். திமிர் என்று ஷைனி நினைத்திருந்தாள்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் இசக்கியம்மாள் வெந்நீரோடு உள்ளே வந்தாள். "ஏட்டி, கல்யாணப் பொண்ணு நீ பொணத்தத் தொடலாமா? தள்ளு."

"நானே உடுத்திடறேன் ஆன்ட்டி."

இசக்கியம்மாள் சோபியாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "கடஞ்செடுத்த செல மாதிரி கெடக்கா பாரு. தலையிலருந்து கால் வரைக்கும் ஒரு கொற சொல்ல முடியுமா?"

இங்க பாருங்க ஆன்ட்டி. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இசக்கியம்மாளிடம் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும்.

"என்னட்டி?"

"ஒரு ஊக்கு குடுங்க."

இசக்கியம்மாள் வெளியே போனதும், மடித்த துணியைப் பிரித்தெடுத்துப் பட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்து ஊக்கைக் குத்தினாள். சோபியாவுக்கு உடுத்திவிட்டதும் தோள்கள் சமமாயின.

கூடத்தில் பெட்டிக்குள் இறக்கியபோது ஊக்கு விட்டுவிட்டது. இடது தோள் மெல்ல அமிழ்ந்ததை ஷைனி மட்டும் பார்த்தாள். ஆனந்த்ராஜ் தலைமாட்டில் நின்றான். வந்ததிலிருந்து அவன் ஷைனியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்வை அந்த முகத்தை விட்டு நகரவில்லை.

மூடுவதற்கு முன் குடும்பமாக ஒரு படம் எடுக்க வேண்டும். நிலக்கரி மைன்ஸ் தூசுக்காகச் சாத்தியிருந்த ஜன்னலைப் போட்டோக்காரர் திறந்தார். வெளிச்சம் நேராகப் பெட்டியின் இடப்பக்கத்தில் விழுந்தது.

ஷைனி ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவே போய் நின்றாள்.

"அக்கா, உங்க நெழலு பாப்பா மேல வுழுது. கொஞ்சம் தள்ளிக்கிங்க."

"தள்ளேன்டி," என்றாள் அம்மா அழுகையோடே. "இன்னிக்குமா அவள மறைச்சிகினு நிப்ப?"

ஆனந்த்ராஜ் முதல்முறையாக நிமிர்ந்து ஷைனியைப் பார்த்தான். முகம் சுளித்திருந்தது.

"இருக்கட்டும். எடுங்க," என்றாள் ஷைனி.

வெள்ளைப் பட்டில் அவள் நிழல், இடது தோளிலிருந்து கழுத்துவரை அசையாமல் கிடந்தது.